இடப்பக்கத்துப் பறவை

டிசம்பர் 2, செவ்வாய்

அதற்காக இல்லை. மேசை உடைந்திருக்கிறது, சரிசெய்கிறேன். அவ்வளவுதான்.

அம்மாவின் கண்ணாடி மேசை. தேக்கு. கீழே இழுப்பறைகள், மேலே நீள்வட்டக் கண்ணாடி, கண்ணாடியின் தலையில் கிரீடம்போலச் செதுக்கிய ஒரு வளைவு. வளைவின் நடுவில் தாமரை. தாமரைக்கு வலப்பக்கம் ஒரு பறவை, தாமரையைப் பார்த்தபடி. இடப்பக்கம் ஒன்றுமில்லை. அங்கே இருந்த பறவை, அப்பா இறந்தபின் சுந்தராபுரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, வண்டியில் கட்டிய கயிறு இழுத்துப் பெயர்ந்துவிட்டது. இறக்கும்போதுதான் பார்த்தோம். கோயம்புத்தூரின் ஏதோ ஒரு சாலையோரத்தில் ஒரு தேக்குப் பறவை படுத்திருக்கிறது.

அம்மாவுக்குச் சீராக வந்த மேசை. அதை எடுத்துக்கொண்டு அம்மா பொள்ளாச்சிக்குப் போகப் போகிறாள். அங்கே மயில்சாமி என்று ஒருவர் இருக்கிறார். அங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அதன்பிறகுதான் கோயம்புத்தூரிலிருந்து அங்கே குடிபோனார். மனைவி இறந்துவிட்டார். அம்மா அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள்.

எழுதிவிட்டேன். பேனா ஒன்றும் உடையவில்லை.

எனக்கு ஆட்சேபமில்லை என்று போன மாதமே சொல்லியாகிவிட்டது. முழு வாக்கியமாக, இலக்கணப் பிழையின்றி. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

“இது சரியாகாம நான் எங்கியும் போறதில்ல, கண்ணு.”

“ஆசாரிகிட்டக் குடுத்தா ரெண்டே நாள்ல முடிச்சுடுவாரும்மா.”

“நீதான அழகு அழகுன்னு எம்.ஏ. படிச்ச. நீ பண்ணு.”

“அது அழகியல்.”

“மேசையும் அழகாத்தான் இருக்கோணும்.”

டிசம்பர் 3, புதன்

காலையில் அம்மாவிடம் என் வாதத்தை வைத்தேன். உடைந்தது உடைந்ததாகவே இருக்கலாம். இடப்பக்கத்து வெறுமை அந்த மேசையின் வரலாறு. அதை நிரப்புவது ஒரு பொய். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலே இதுதான்: இல்லாமையும் ஒரு வடிவம்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

“அப்படியா? அப்ப இன்னைக்கு உன்ற தட்டுல தோசை இல்லாமையும் ஒரு வடிவந்தான். சாப்புடு சாமி.”

தட்டு வந்தது. சட்னி மட்டும் இருந்தது.

வேலையைத் தொடங்குகிறேன்.

டிசம்பர் 6, சனி

முதல் விதி, உப்புத்தாளைத் தொடக்கூடாது. பழைய மரத்தின் நிறம் முழுக்க அதன் மேல்தோலில் இருக்கிறது. தேய்த்தால் நேற்று வாங்கியதுபோல் ஆகிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு துளி சோப்பு, பஞ்சு, பழைய டூத் பிரஷ். நனைத்து, உடனே துடைத்து, ஒரு சமயத்தில் ஒரு இதழ்.

தாமரையின் இதழ்களுக்கு நடுவிலிருந்து வந்தவை: குங்குமம், பவுடர், எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு ஊக்கு, நரைமுடி ஒன்று. வெளிச்சத்தில் பார்த்தபோது நரைமுடி அல்ல, பஞ்சின் இழை. அப்பா இந்தக் கண்ணாடியில்தான் தலைவாருவார். அம்மாவின் உயரத்துக்கு வைத்த கண்ணாடி என்பதால் முழங்காலை மடித்து, பாதி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்போல. அவர் தமிழாசிரியர். தண்டனை கொடுக்கும் இடத்தில் இருந்தவர்.

அப்பா இந்தப் பறவையை அன்னம் என்பார். இன்று அம்மா அதைக் கடந்து போகையில், “மயிலோட கழுத்துல இன்னும் அழுக்கு இருக்குது பாரு” என்றாள்.

“அன்னம்மா அது.”

“மயிலு.”

“எப்பத்துல இருந்து?”

“எப்பவுமே மயிலுதான். உங்கப்பாகிட்ட எதுத்துச் சொன்னா அரைமணி நேரம் கிளாஸ் எடுப்பாரு. சோலி கெடக்குதேன்னு விட்டுட்டேன்.”

அழுக்கு போனதும் பறவையின் தலையில் மூன்று சின்னப் புடைப்புகள் தெரிந்தன. கொண்டைபோல.

நாரைக்கும் கொண்டை உண்டு.

மாலையில் கண்ணாடி. அப்பாவுக்குப் பிறகு அம்மா கடுகளவுக் கறுப்புப் பொட்டுக்கு மாறிவிட்டாள். கண்ணாடியின் ஓரம் நெடுக ஸ்டிக்கர்கள், வாக்கியங்கள் உதிர்ந்துபோய் முற்றுப்புள்ளிகள் மட்டும் தங்கிவிட்டதுபோல. எல்லாவற்றையும் சுரண்டினேன். ஒன்று மட்டும் அரக்குச் சிவப்பு. புதிது. நகத்தை வைத்தேன்.

“அத விட்டுரு” என்றாள் அம்மா, குளியலறையிலிருந்து.

குளியலறையிலிருந்து எப்படித் தெரிந்தது?

டிசம்பர் 7, ஞாயிறு

மயில்சாமி வந்தார். ஒரு குலை இளநீர்.

டிசம்பர் 8, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது.

அவர் நாற்காலியில் முழுதாக உட்காருவதில்லை. நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர்போல. பையை வாங்கி ஓரமாக வைத்தால் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப எடுத்து வைத்துக்கொள்கிறார். பைக்குள் ஒன்றுமில்லை. பார்த்தேன்.

“ஏனுங் அம்மிணி, மேசை வேலையெல்லாம் எந்த மட்டுல இருக்குதுங்க?”

“நடக்குது.”

“நிதானமாவே பண்ணுங்க. மரமுங்க அது. அவசரப்படுத்துனா கோச்சுக்கும்.”

அவசரப்படுத்துவார் என்று எதிர்பார்த்து ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில். வீணாகிவிட்டது.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. “சார்” என்றால் அம்மா சிரிப்பாள். “மாமா” என் வாயில் நிற்காது. இன்னொரு சொல் ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டது. ஆகவே எழுவாய் இல்லாத வாக்கியங்களில் பேசுகிறேன். வாங்க. உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா. தமிழில் இது ஒரு வசதி. யாரையும் எதுவும் ஆக்காமல் ஒரு மாலையை ஓட்டிவிடலாம்.

இளநீர் நன்றாக இருந்தது. இது பொது உண்மை, அவருக்கான பாராட்டு அல்ல.

டிசம்பர் 11, வியாழன்

அம்மா பொள்ளாச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் பஸ். இந்தக் கல்யாணத்துக்கு அவள் வெளியில் சொல்லும் காரணம், “பஸ்ஸு ஏறி எறங்கற வேலை மிச்சம்.” அத்தைகளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு அத்தை அதை நம்பி, “அதுக்கு அங்கியே ஒரு வாடகை வீடு பாக்கலாமே” என்றாளாம்.

இன்று வெங்காயம் உரித்தபடி என்னையும் சீண்டினாள்.

“எங்க பேரப் பாரு. தெய்வானைக்கு மயிலு. இதுக்கு மேலயும் பொருத்தம் பாக்கோணுமா?”

“தெய்வானைக்கு முருகன்மா. மயில் வண்டி.”

“எனக்கு வண்டிதான கண்ணு வேணும். பஸ்ஸு அலுத்துப்போச்சு.”

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பிறகு:

“உனக்கும் இனி அம்மா வூடுன்னு ஒண்ணு இருக்கும். கோச்சுக்கிட்டுப் பொட்டியத் தூக்கிட்டு வர்றதுக்கு.”

“கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் அம்மா வீடு. எனக்கு ஆகல.”

“அதான் எனக்கு ஆகுதே. கல்யாணம் எனக்கு, அம்மா வூடு உனக்கு. ஆளுக்கொண்ணு.”

கண் எரிந்தது. வெங்காயம் சின்ன வெங்காயம்.

டிசம்பர் 13, சனி

இன்று கண்டுபிடித்தவை. கீழ் இழுப்பறையின் ஓரத்து மணிவரிசையில் மணிகள் தேய்ந்திருக்கின்றன. ஒரு காலின் சிங்கப்பாதத்தில் விரல் சிதைந்திருக்கிறது. பின்பலகையில் பூச்சி அரித்த துளைகள். பின்பலகை சுவரைப் பார்த்து நிற்பது. ஆனாலும்.

எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் பறவைக்கு வர வேண்டும். அதுதான் முறை.

கீழ்வீட்டு ரிஸ்வானா வந்து பார்த்தாள். பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பாள், பிறகுதான் வணக்கம்.

“ஒரு பறவைதான் போச்சுன்ன? இப்ப என்னடி காலுக்கு வைத்தியம் பாத்துட்டிருக்க?”

“எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டது.”

“ஆமாமா. பல்லு வலிக்குதுன்னு வந்தவங்களுக்கு எங்க டாக்டர் கால் நகம் வெட்டித்தான் அனுப்புவாரு.”

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. இந்த மாதத்தில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. நல்ல மாதம்.

டிசம்பர் 21, ஞாயிறு

இளநீர். இந்த முறை சிங்கப்பாதத்தைக் குனிந்து பார்த்தார். நான் செதுக்கிச் சேர்த்த விரல் மற்ற விரல்களைவிடச் சற்றுப் பெரிது.

“சுண்டுவெரலுங்களா?”

“கட்டைவிரல்.”

“அட, ஆமாங்க. கட்டைவெரலேதான்” என்று உடனே ஒத்துக்கொண்டார்.

அது சுண்டுவிரல்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று தெரிகிறது. அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 26, வெள்ளி

ரிஸ்வானா தன் அக்காவின் பிரசவத்துக்குப் பாலக்காடு போகிறாள். போகும் முன் இரண்டு டப்பாக்கள் கொடுத்தாள். ஒன்றில் வெள்ளை மாவு உருண்டை, மற்றதில் நீலம். பல்லுக்கு அச்சு எடுப்பது. சம அளவு பிசைந்து, இருக்கிற பறவையின் மேல் அமுக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் ரப்பராகிவிடும். உரித்தால் உள்ளே பறவையின் குழி. அந்தக் குழியில் தேக்குத் தூளையும் பசையையும் குழைத்து நிரப்பினால் இன்னொரு பறவை. செதுக்கத் தெரியாதவளுக்கு இதுதான் வழி. விரலைப் பார்த்தபின் அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

“மொதல்ல எந்தப் பக்கம்னு பாரு” என்றாள் ரிஸ்வானா, ஆட்டோவில் ஏறியபடி. “லேப்ல மொத நாளு எங்களுக்குச் சொல்லித்தர்ற பாடம் அதான்.”

“பல்லுக்கும் பறவைக்கும் என்னடி?”

ஆட்டோ போய்விட்டது.

டிசம்பர் 28, ஞாயிறு

வலப்பக்கத்துப் பறவைக்கு வாசலின் தடவி, மாவை அமுக்கி, கையை எடுக்காமல் நின்றேன். ஒரு பறவையின் கண்ணை இவ்வளவு நேரம் பொத்தியதில்லை. உரித்தபோது ஒவ்வொரு இறகும் வந்திருந்தது. கொண்டையும்.

பறவை முழுச்சிலை அல்ல. முன்பக்கம் மட்டும் புடைப்பு, முதுகு தட்டை. தட்டைப் பக்கத்தை வளைவின்மேல் ஒட்ட வேண்டும். எளிது.

முதல் வார்ப்பு, கழுத்தில் உடைந்தது.

ஜனவரி 1, வியாழன்

புது வருடம். இரண்டாவது வார்ப்பு. மூக்கு மழுங்கல்.

அம்மா: “மயிலுக்குச் சளியா?”

ஜனவரி 4, ஞாயிறு

மூன்றாவது. கண் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக்குமிழ் உடைந்து ஒரு பள்ளம். மற்றபடி எல்லாம் வந்திருக்கிறது. பள்ளத்தைப் பசையால் நிரப்பிவிட்டால் ஒட்டிவிடலாம்.

நிரப்பவில்லை. குருட்டுப் பறவையை எப்படி ஒட்டுவது? நான்காவது செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். தரம் என்று ஒன்று இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

அம்மா பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் தரையில் மணிவரிசைக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

“இல்லீங்க, தை மொத வாரமெல்லாம் வேண்டாமுங்க... புள்ள சரின்னுதான் சொல்லியிருக்கறா. வாயில சொன்னா... அதத்தான் சொல்றேன். மேசை முடியட்டுமுங்க.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

“முடியலீன்னா? முடியலீன்னா இப்படியே இருந்துக்கலாமுங்க. இத்தன நாள் இருக்கலயா நாம?”

சிரித்தாள். அம்மாவுக்கு இரண்டு சிரிப்பு உண்டு. ஒன்று யாரையாவது சீண்டும்போது வருவது. இது மற்றது. விருந்தாளிகள் எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரிக்கும் சிரிப்பு.

மெழுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்த மணிவரிசைக்கு இதற்கு மேல் மெழுகு வேண்டியதில்லை. ஒரு வாரமாகவே வேண்டியதில்லை.

ஆசாரி இரண்டு நாளில் முடிப்பார் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் என்னிடம் கொடுத்திருக்கிறாள். மறுபடி கேட்டாலும் வாயால் சரி என்றுதான் சொல்வேன் என்று தெரிந்து, கேட்காமல் மேசையைக் கொடுத்திருக்கிறாள்.

நானோ இத்தனை நாளும் பின்பலகைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்க்கும் பலகைக்கு.

ஜனவரி 10, சனி

காலை எழுந்து, பல்கூடத் துலக்காமல், மூன்றாவது வார்ப்பை எடுத்தேன். ஓரங்களைச் சீவி, தட்டையான முதுகில் பசை தடவி, இடப்பக்கத்தில் பழைய பறவையின் தடம் தெரிந்த இடத்தில் வைத்துத் துணியால் கட்டினேன். பசை காய்ந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி, தொட்டுத் தொட்டு நிறம் ஏற்றினேன். என் மூக்கு பறவையின் மூக்கில் உரசும் தூரத்தில் நின்று. பழைய தேக்கின் நிறம் வரும்வரை. வந்தது. ஒட்டியது எது, செதுக்கியது எது என்று விரலுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சனிக்கிழமையும் அலுவலகம். வந்து பார்க்கட்டும் என்று வேட்டித்துணியால் மூடிவைத்தேன். இரவு வந்தவள் அலுப்பில் படுத்துவிட்டாள். நானும் சொல்லவில்லை. நாளை சொல்கிறேன்.

கண்ணின் பள்ளம் மட்டும் பாக்கி.

ஜனவரி 11, ஞாயிறு

அம்மா பொங்கலுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். ரிஸ்வானா பாலக்காட்டிலிருந்து நேராக மேலே வந்தாள். பெண் குழந்தை, இன்னும் பல் இல்லை என்றாள். துணியை எடுத்துக் காட்டினேன்.

பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“சுடரு, இதுக ரெண்டுக்கும் சண்டையா?”

“என்ன?”

“அது இதப் பாக்குது. இது ஜன்னலப் பாக்குது.”

முதல்முறையாக நான் மேசையிலிருந்து நான்கடி தள்ளி நின்று பார்த்தேன்.

வலப்பக்கத்துப் பறவை இடப்புறம் திரும்பித் தாமரையைப் பார்க்கிறது. நான் ஒட்டிய இடப்பக்கத்துப் பறவையும் இடப்புறமே திரும்பி, தாமரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இருந்த பறவையில் அச்செடுத்தால் இருந்த பறவைதான் வரும். அதற்கு எதிர்முகமாக இருந்தது வராது. முதுகு தட்டை என்பதால் திருப்பிப் போடவும் முடியாது.

அழகியலில் எம்.ஏ.

“வலது கோரைப்பல்ல இடது பக்கம் வெச்சிருக்க. எங்க லேப்ல இப்படிச் செஞ்சா அந்த ஆளு வாயே மூட முடியாது” என்று ரிஸ்வானா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து என் முகத்தைப் பார்த்தாள். “ஏய், விடுடி. ஒரு பறவை.”

“உளி வெச்சு எடுத்தா பழைய மரமும் சேந்து பேந்து வரும்.”

“அதுக்கு அழுவியா?”

“அழல.”

அப்போதுதான் அம்மா மஞ்சள் கொத்தோடு உள்ளே வந்தாள். கொத்தைக் கீழே வைக்காமலே மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

“தப்பாப் பண்ணிட்டேன்மா” என்றேன். “எடுத்துடறேன். இனி செதுக்கித்தான் ஆகணும். ரெண்டு வாரத்துல, இல்ல ஒரு மாசத்துல...”

ரிஸ்வானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னது எனக்கும் கேட்டது.

“எடுக்காத” என்றாள் அம்மா.

“ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதும்மா.”

“பஸ்ஸுல பின்ன எப்படிப் பாப்பாங்க?”

மஞ்சள் கொத்தை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மேசையிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

“இந்த வூட்டுக்கு வந்த நாள்ல இருந்து காலையில அதே பஸ்ஸு. அவரு எதுத்த வரிசையில ரெண்டு சீட்டு முன்னாடி. நான் பின்னாடி. அந்தப் பின்னங்கழுத்தத்தான் பாத்துட்டே போவேன். முடி வெட்டுனா தெரியும். காய்ச்சலுன்னா மப்ளர் சுத்தியிருக்கும். மொகம் எப்படின்னு தெரியாது. அவரு ஒருக்காலும் திரும்பிப் பாத்ததில்ல.”

“பேசுனதே இல்லயா ஆன்ட்டி?” ரிஸ்வானா.

“டிக்கெட்டுக் காசு கைமாத்திக் குடுத்திருக்கறேன்.”

“அட!”

“அப்புறம் அவரு ரிடையர் ஆயிட்டாரு. எனக்குத் தெரியாது. அடுத்த நாளு ஏறுனா பஸ்ஸு காலி. கண்டக்டரு படியில தொங்கிட்டு வர்றாரு, அத்தன கூட்டம். ஆனாக் காலி.” மூக்கை உறிஞ்சினாள். மஞ்சளின் நெடி என்று வைத்துக்கொள்ளலாம். “ஒரு வாரங்கழிச்சு அதே பஸ்ஸுல ஏறி எம்பக்கத்துல வந்து நின்னு, ‘ஏனுங்க, சௌக்கியமுங்களா’ன்னு கேக்கறாரு. வேலையில்லாத மனுசன், அவருக்கு அந்நேரத்துக்கு பொள்ளாச்சி பஸ்ஸுல என்ன சோலி?”

ரிஸ்வானா என் முழங்கையை இடித்தாள்.

அம்மா எழுந்து மேசையின் அருகே போனாள். இடப்பக்கத்துப் பறவையின் முகத்தில் விரலை வைத்தாள். பள்ளம் தட்டுப்பட்டது.

“கண்ணு இல்லயே இதுக்கு.”

“குமிழி வந்துடுச்சு. நிரப்பணும்.”

அம்மா கண்ணாடியிலிருந்து அந்த அரக்குச் சிவப்புப் பொட்டை உரித்தாள். பள்ளத்தின் மேல் வைத்து அமுக்கினாள். அளவு சரியாக இருந்தது.

“இப்பப் பாக்கட்டும்” என்றாள். “பாரு, இது மயிலுதான்.”

“மயில்தான்” என்றேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

அவர் வந்தார். கரும்பு, இளநீர், பை. அம்மா அவரை நேராக மேசைமுன் கொண்டுபோய் நிறுத்தினாள். சீண்டும் குரல் திரும்பியிருந்தது.

“முன்னாடி போறது நீங்க. பின்னாடி நானு. என்ற புள்ள தெரியாமச் செஞ்சு வெச்சிருக்கறா, ஆனா அப்படியே செஞ்சிருக்கறா. ஒருக்காலும் திரும்பிப் பாக்காத மகராசன்.”

மயில்சாமி பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

“திரும்பிப் பாக்கலீங்க. பாத்தா தப்பா நெனைப்பீங்கன்னுதானுங்க.”

“அதான் சொல்றேன்.”

“ஆனா டிரைவரு தலைக்கு மேல கண்ணாடி ஒண்ணு இருக்குமுங்களே” என்றார். “அதுல நீங்க தெனமும் வருவீங்க.”

அம்மா மேசையின் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“எந்த சீட்டுல உக்காந்தா அது தெரியும்னு பாத்துத்தானுங்க நான் உக்காந்தது. கிணத்துக்கடவு தாண்டுனா நீங்க தூங்கிருவீங்க. வாய் லேசாத் தொறந்துக்கும். ஸ்டாண்டு வர்றதுக்கு மின்னாலயே முழிச்சு பொட்டு இருக்குதான்னு தொட்டுப் பாப்பீங்க.”

“பொங்கலு அடி புடிக்குது” என்று அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். பொங்கலை இறக்கி வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே பாத்திரச் சத்தமே இல்லை.

நாங்கள் இருவரும் மேசைமுன் நின்றோம். கண்ணாடியில் அவருக்குக் கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. அவரும் உயரம். கொஞ்சம் முழங்காலை மடித்துக் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார். அப்பாவைப்போல அல்ல. அப்பாவைப்போலக் குனிந்தார் என்று எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் எல்லாரும் குனியும் விதம் ஒன்றுதான். கண்ணாடிதான் தாழ்வு.

“நீங்க ரெண்டு பேரும் தேதி பாருங்க” என்றேன்.

எழுவாயோடு.

அவர் நிமிர்ந்தார். பையைத் தரையில் வைத்தார். நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, “அந்தச் சுண்டுவெரலு நல்லா வந்திருக்குதுங் அம்மிணி” என்றார்.

“கட்டைவிரல்.”

“ஆமாங்க.”

ஜனவரி 23, வெள்ளி

தை கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் தேதி கிடைத்திருக்கிறது. மேசை முன்னால் போகிறது. அம்மா அலுவலகத்தில் இருந்தாள், நான்தான் டெம்போக்காரருக்குப் போன் செய்தேன்.

“எங்கீங்க எறக்கோணும்?”

“பொள்ளாச்சியில. எங்கம்மா வீட்டுல.”

“எப்பவும் அம்மா வூட்டுல இருந்துதானுங்க பொண்ணு வூட்டுக்குச் சாமான் வரும். இதென்னங்க்கா, தலைகீழாப் போகுது?”

“சீருங்க” என்றேன்.

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஞாயிறு காலை வருவதாகச் சொன்னார்.

கயிறு வேண்டாம், பட்டை நாடா கொண்டுவாருங்கள் என்றேன். பரண்மேல் ஏறிப் பழைய போர்வைகளை எடுத்து, உதறி, பறவைகளின் அளவுக்கு மடித்து வைத்தேன்.